யாயிரின் மகளாக உட்கார்ந்தவள்

போன வாரம் அம்பத்தூர் தொழிற்பேட்டை பேருந்து நிறுத்தத்தில் ஒரு பிளெக்ஸ் பேனர் பார்த்தேன். ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள். குழந்தையின் முகத்தைக் கண்ணனின் உடம்பில் ஒட்டியிருந்தார்கள். மயிற்பீலி, முத்துமாலை எல்லாம் இருந்தது. அதோடு விடவில்லை. கூடையைத் தலையில் வைத்து ஆற்றைக் கடக்கும் வசுதேவருக்குக் குழந்தையின் அப்பா முகம். மூக்குக்கண்ணாடியை எடுக்க மறந்துவிட்டார்கள். கொட்டும் மழையில், பாம்பின் குடைக்குக் கீழே, கண்ணாடி போட்ட வசுதேவர் ரோட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே தாய்மாமன்கள் வரிசையாகக் கைகூப்பி நின்றார்கள்.

வந்த பேருந்தை விட்டுவிட்டு நின்று பார்த்தேன். பக்கத்தில் நின்ற பெரியவர், “உங்க சொந்தக்காரங்களா சார்?” என்றார். “இல்ல, தெரிஞ்ச ஒருத்தர் ஞாபகம் வந்துச்சு” என்றேன். அதற்குமேல் அவரிடம் என்ன சொல்வது? உனக்கு எழுதலாம் என்று தோன்றியது. நீ இதைப் படிக்கப்போவதில்லை. இதில் உள்ளது எல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன்.

பிரம்மச்சாரிகளாக இருந்த காலத்தில் மேனாம்பேட்டில் ஓர் அறையை இரண்டு பேரும் பகிர்ந்துகொண்டோம். நீ தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஆவடித் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவன். நான் அப்போதுதான் பத்திரிகையில் நிருபராகச் சேர்ந்திருந்தேன். உன் ஊர்ப் பழக்கப்படி என்னை ‘வே’ போட்டுத்தான் கூப்பிடுவாய். பிறகு உனக்கு ஆவடியில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது, ரெஜினா வந்தாள், ஜெசி பிறந்தாள். நான் கொரட்டூருக்குக் குடிபோனேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மூன்று பேரும் ரயிலேறி என் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். ஜெசி வாயைத் திறந்தால் ஆவடிதான் பேசும். “இன்னாப்பா, எப்பப் பாத்தாலும் மாமா ஊட்டுக்கே இட்டுக்கினு வர?” என்பாள். நீ தலையில் அடித்துக்கொள்வாய். “எங்க வம்சத்துலயே இப்படி ஒரு பேச்சு கிடையாது வே.”

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் என் வீட்டில் அந்தக் காலண்டரைப் பார்த்தாய். பழைய புத்தகக் கடையில் நான் வாங்கி வந்தது. எந்த வருடத்துக் காலண்டரோ, ஏதோ வெளிநாட்டு நிறுவனம் அச்சிட்டது. மாதத்துக்கு ஒரு ஹாலந்து ஓவியம். ஒரு படத்தில் இயேசு உட்கார்ந்திருக்கிறார், தாய்மார்கள் பிள்ளைகளை அவரிடம் கூட்டி வருகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் தாய்க்கும் தகப்பனுக்கும் கதையில் வருபவர்களின் முகம் இல்லை. பக்கத்துத் தெருவில் பார்க்கிற மாதிரி முகம்.

“இவங்க யாரு வே?” என்று கேட்டாய்.

அப்போது எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முந்நூறு, முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் அந்த ஊர் வியாபாரிகளும் பணக்காரர்களும் தங்களைப் பைபிள் மனிதர்களாக வரையச் சொல்லியிருக்கிறார்கள். புருஷன் பெண்டாட்டி ஈசாக்காகவும் ரெபேக்காவாகவும் நிற்பார்கள். வீட்டுக்காரி எஸ்தர் ராணியாக உட்காருவாள். முகம் அவர்களுடையது, இடம் வேதத்தினுடையது. சிலர் தங்கள் ஊர் லேஸ் காலரைக்கூடக் கழற்றாமல் நின்றிருக்கிறார்கள். சில படங்களில், செத்துப்போன பிள்ளைகளையும் உயிரோடு இருக்கும் பிள்ளைகளோடு சேர்த்து வரைந்திருக்கிறார்கள்.

நீ நெடுநேரம் பார்த்தாய். பிறகு ஒரு கேள்வி கேட்டாய். “வேண்டிக்கிட்டு வரையச் சொன்னாவளா, இல்ல, கிடைச்சதுக்கு நன்றியா வரையச் சொன்னாவளா?”

எனக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு கேள்வி இருப்பதாகவே நான் நினைத்ததில்லை.

ஜெசிக்கு உடம்பு கெட்டது அதற்குப் பிறகு சில வருடங்கள் கழித்து. காலையில் எழுந்தால் கண் இமை வீங்கியிருக்கும். பிறகு கால். சிறுநீரகம் என்றார்கள். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நடந்தீர்கள். மாத்திரை கொடுத்தால் வீக்கம் வடியும், நிறுத்தினால் திரும்பும். அந்த மாத்திரை முகத்தை வேறு விதமாக உப்ப வைத்தது. கன்னம் இரண்டும் உருண்டு, கழுத்து மறைந்து, ஒல்லியாக இருந்த பிள்ளைக்கு யாரோ ஒரு குண்டுப் பெண்ணின் முகம் வந்தது. எனக்குத் தெரிந்த மருத்துவர்கள், எனக்குத் தெரிந்த அதிகாரிகள் என்று எல்லோரையும் போய்ப் பார்த்தேன். நிருபன் என்பதால் எல்லோரும் உட்காரச் சொன்னார்கள், டீ கொடுத்தார்கள், ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் மருத்துவம்தான் சரி என்றார்கள்.

அப்போதுதான் நீ அந்தக் காலண்டரைக் கேட்டு வாங்கிப் போனாய்.

அம்பத்தூரில் சினிமா பேனர் எழுதிக்கொண்டிருந்த கஜாவை நான்தான் உனக்குக் காட்டினேன். அவர் உன் குவார்ட்டர்ஸ் முன்னறையில் காடாத் துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி நிறுத்தியதும் அறையில் பாதி போய்விட்டது. “இன்னா சார் கதை?” என்றார். நீ சொன்னாய். யாயிர் என்று ஒரு தொழுகைக்கூடத் தலைவர். பன்னிரண்டு வயது மகள் சாகக் கிடக்கிறாள். இயேசுவைக் கூட்டி வருவதற்குள் செத்துவிட்டாள் என்று ஆள் வந்து சொல்கிறார்கள். இயேசு வீட்டுக்குள் போய், பிள்ளை தூங்குகிறாள் என்கிறார். சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். அவர் அவள் கையைப் பிடித்து, எழுந்திரு என்கிறார். எழுந்து நடக்கிறாள்.

கஜா தலையாட்டினார். “செம சீனு சார். இண்டர்வெல்ல வெக்கலாம்.”

நீ யாயிர். படுக்கை விரிப்பைப் போர்த்தி, துண்டைத் தலைப்பாகையாகக் கட்டி நின்றாய். ரெஜினா கல்யாணப் புடவையைத் தலையோடு இழுத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் நின்றாள். உன் கையில் இருந்த கடிகாரத்தைக் கஜா அப்படியே வரைந்துவிட்டார். ரெஜினா சொன்னாள், “பைபிள் காலத்துல ஏதுங்க வாட்ச்சு?” நீ சிரித்தாய். “கெடக்கட்டும். நாந்தான்னு தெரியணும்லா.”

கண்களைப் பற்றித்தான் முதல் சண்டை. பிள்ளையைக் கண்மூடி வரையக் கூடாது என்று ரெஜினா பிடிவாதமாகச் சொன்னாள். கஜா தூரிகையைக் காதில் சொருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். “அம்மா, கண்ணு தெறந்துக்கினு கீதுன்னா எதுக்கு எழுப்பணும்? வந்தவரு டீ குட்ச்சிட்டுப் போலாமே.” ஜெசி கட்டிலில் படுத்தபடி விழுந்து விழுந்து சிரித்தாள். “ஒரு கண்ண மூடிக்கினு ஒரு கண்ணத் தெறந்துக்கினு போடு அண்ணாத்தே!” கடைசியில் கஜாதான் ஒரு வழி கண்டார். இப்போதுதான் விழித்தவள், தன் கையைப் பிடித்திருக்கும் கையைப் பார்க்கிறாள். பார்வை கீழே. ரெஜினா ஒப்புக்கொண்டாள்.

இயேசுவின் முகத்துக்கு ஆள் கேட்டார் கஜா. வேண்டாம், காலண்டரில் இருக்கிற மாதிரியே போடுங்கள் என்றாய். “முகம் சரி சார். கையி? புடிக்கிற கையிக்கு நெஜக் கையி வேணும்” என்று சுற்றிப் பார்த்தார். அறையில் மிச்சம் நான்தான். கோயிலுக்கும் போகாத, சர்ச்சுக்கும் போகாத என்னைக் கட்டில் பக்கத்தில் மண்டியிட வைத்து ஜெசியின் கையைப் பிடிக்கச் சொன்னார். விரல் வைத்தால் பள்ளம் விழும் வீங்கிய கை. “மாமா, உன் கை வேர்க்குது” என்றாள். கஜா, “ஆடாதீங்க சார், ஆண்டவரு ஆடக் கூடாது” என்றார்.

ஆனால் ஜெசியின் முகத்தை முடிக்க முடியவில்லை. ஒவ்வொரு முறை அவர் வரும்போதும் அது வேறாக இருந்தது. மாத்திரையைக் கூட்டினால் உருண்டை, குறைத்தால் கன்னத்தில் எலும்பு, நோய் திரும்பினால் கண்ணிமை வீக்கம். “போன வாரம் ஒரு பாப்பா, இந்த வாரம் ஒரு பாப்பா. நான் எந்தப் பாப்பாவப் போடறது?” ரெஜினா பெட்டியைத் திறந்து, நோய்க்கு முந்திய பள்ளிக்கூடப் போட்டோ ஒன்றை எடுத்து வந்தாள். ஒல்லிக் கழுத்தும் இரட்டைச் சடையுமாக ஜெசி. “இதுதான் என் பிள்ளை” என்றாள்.

நீ அந்தப் போட்டோவை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாய். “இல்ல. இப்ப இருக்கிற முகத்தைப் போடுங்க. அவரு எழுப்ப வேண்டியது இந்தப் பிள்ளையத்தான்.”

கஜா தூரிகையைத் துடைத்துவிட்டு அன்றைக்கே முகத்தை முடித்தார். பேனர் பழக்கம், கன்னத்தில் ரோஸும் நிழலில் நீலமும் போட்டிருந்தார். உருண்டை முகம். பார்க்கிறவர்களுக்கு அது நோயாளி முகமாகத் தெரியவில்லை.

படத்தை மாட்ட அந்த வீட்டில் ஒரே ஒரு சுவர்தான் போதுமான அகலம் இருந்தது. வாசல் கதவுக்கு நேர் எதிர்ச் சுவர். கதவு திறந்திருந்தால் ரோட்டில் போகிறவர்களுக்கும் தெரியும்.

அதன் பிறகு நடந்ததை நாம் யாரும் எதிர்பார்க்கவில்லை. உங்கள் குவார்ட்டர்ஸ் லைனில் பல ஊர்க் குடும்பங்கள். யாருக்காவது வேண்டுதல் பலித்தால் கோயிலுக்கு வெள்ளியில் கண்ணோ காலோ வாங்கி வைப்பார்கள், அன்னதானம் செய்வார்கள், செய்தித்தாளில் நன்றி அறிவிப்புப் போடுவார்கள். எங்கள் பத்திரிகையிலேயே அப்படி எத்தனையோ வந்திருக்கின்றன. கிடைத்த பிறகு செய்வதுதான் அது. கிடைப்பதற்கு முன்னால் இவ்வளவு செலவு செய்து, இவ்வளவு பெரிதாக யாரும் எழுதி மாட்டுவதில்லை. ஆகவே அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் ஒரே ஒரு முடிவுக்குத்தான் வந்தார்கள்: ஜெசிக்குக் குணமாகிவிட்டது.

முதலில் வந்தது பக்கத்து வீட்டம்மா. ரெஜினாவைக் கட்டிக்கொண்டு அழுதார். “ஒரு வார்த்தை சொல்லல பாத்தியா! சாமி குடுத்தத மூடி வைப்பாங்களா?” அந்த மாதம் வீக்கம் வடிந்து ஜெசி நன்றாகத்தான் இருந்தாள். ரெஜினாவால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. காபி போடப் போய்விட்டாள். அது போதுமானதாக இருந்தது.

அடுத்த வாரத்திலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். வலிப்பு வரும் பிள்ளை, பேச்சு வராத பிள்ளை, பால் ஒட்டாத கைக்குழந்தை. பெரும்பாலும் இந்துக்கள், சில முஸ்லிம்கள். படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார்கள். பிறகு ஜெசியின் கையைப் பிள்ளையின் கைமேல் வைக்கச் சொல்வார்கள். வாசலுக்கு வெளியே செருப்புகள் சேர்ந்தன. படம் வேண்டிக்கொண்டு வரைந்தது, இன்னும் மருத்துவம் நடக்கிறது என்று நீ இரண்டு மூன்று பேரிடம் சொல்லிப் பார்த்தாய். “அடக்கமா பேசுறாரு” என்றார்கள்.

பங்குத் தந்தை வந்தார். படத்தைக் கொஞ்ச காலம் உள்ளறையில் வைக்கலாமே என்றார். நீ கேட்டாய், “கழட்டினா, பிள்ளைக்குத் திரும்பவும் முடியலன்னு ஆயிரும் ஃபாதர். அத அவ காதுபடச் சொல்லுவாங்க. என்ன செய்ய?” அவர் ஜெசிக்கு ஆசீர்வாதம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜெசிக்கு மட்டும் அதில் குழப்பமே இல்லை. ஒரு நாள் நான் அவளிடம், உனக்குக் கஷ்டமாக இருந்தால் சொல், நான் எல்லோரையும் அனுப்பிவிடுகிறேன் என்றேன். “அவங்க கைய புட்ச்சா எனக்கு ஒண்ணும் ஆவாது மாமா. அவங்களுக்கும் ஒண்ணும் ஆவாது. புட்ச்சா இன்னா?” என்றாள். யாராவது வரும் சத்தம் கேட்டால் உள்ளங்கைகளைப் பாவாடையில் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வாள். ஏன் என்று கேட்டதற்கு, “சில்லுனு கீதுன்னா கொயந்த பயப்படும்” என்றாள்.

நோய் திரும்பியது. மாத்திரையை மறுபடி கூட்டினார்கள். முகம் மறுபடி உருண்டது. படத்தில் இருந்த முகமும் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஜெசியின் முகமும் ஒன்றாகிவிட்டன. வந்தவர்கள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். “எப்டி பூசினாப்புல ஆய்ட்டா பாரு!” அன்று ஸ்டேஷனுக்கு என்னோடு நடந்து வந்த நீ பாதி வழியில் நின்றுவிட்டாய். “வீக்கத்தைச் சதைங்கிறாவ வே” என்றாய். ஸ்டேஷன் வரை சேர்ந்து நடந்தோம். ரயில் வந்தது. ஏறினேன்.

கடைசியாக அவளை நான் பார்த்தது ஆஸ்பத்திரியில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம். நீ மருந்து வாங்கப் போயிருந்தாய். கட்டில் பக்கத்தில் ஸ்டூல் இல்லாததால் மண்டியிட்டு அவள் கையைப் பிடித்தேன். கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தாள். “இன்னா மாமா, போஸ் குடுக்கிறியா?” என்றாள். அவளால் சிரிக்கவும் முடிந்தது. இரண்டு நாள் கழித்துப் போய்விட்டாள்.

அடக்கத்துக்கு லைன் முழுவதும் வந்தது. படத்தைப் பற்றி யாரும் ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். எல்லோரும் போன பிறகு கஜா படத்துக்கு முன்னால் நின்றார். “சார், சொன்னீங்கன்னா நான் எட்த்துக்கினு போயி வெள்ள அட்ச்சிடறேன். உங்களுக்குக் கஷ்டம் வாணாம்.” நீ ரெஜினாவைப் பார்த்தாய். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். படம் அங்கேயே இருந்தது. கதவைத்தான் பகலிலும் சாத்தி வைத்தீர்கள்.

அதற்குச் சில வாரம் கழித்து நடந்தது உனக்கு நினைவிருக்கும். வேலை நாள், முற்பகல். நீ விடுப்பில் இருந்தாய், நான் உன்னைப் பார்க்க வந்திருந்தேன். கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தாய். ஒரு பெண், இடுப்பில் மூன்று வயதிருக்கும் பெண் குழந்தை. குழந்தையின் கால் இரண்டும் துணிபோலத் தொங்கின. மழையில் நனைந்திருந்தாள்.

“மாங்காட்லேர்ந்து வரேன் நைனா. ரெண்டு பஸ் மாறி. கையத் தொட்டுக் குடுக்குமாமே, அந்தப் பாப்பா எங்க?”

நீ கொஞ்சமும் யோசிக்கவில்லை. “பள்ளிக்கூடம் போயிருக்கா” என்றாய்.

உள்ளே ரெஜினா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

“எப்ப வரும்?”

“சாயங்காலம் ஆயிரும்.”

நீ நினைத்தது எனக்குப் புரிந்தது. போய்விடுவாள் என்று நினைத்தாய். அவள் முந்தானையால் குழந்தையின் தலையைத் துடைத்தாள். “சரி நைனா. அதுவரைக்கும் இங்கியே வாசல்ல குந்திக்கினு இருக்கேன். ஒண்ணும் தொல்ல குடுக்க மாட்டேன்.” படியில் உட்கார்ந்துவிட்டாள்.

நீ என்னைப் பார்த்தாய். எத்தனை மந்திரிகளிடம், எத்தனை போலீஸ் அதிகாரிகளிடம் பேச்சைத் தொடங்கவும் முடிக்கவும் தெரிந்தவன் நான். அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவளிடம் சொல்ல எனக்கு ஒன்றும் வரவில்லை. உண்மையைச் சொன்னால் இரண்டு பஸ் மாறி, குழந்தையோடு அதையும் தூக்கிக்கொண்டு அவள் திரும்ப வேண்டும். சொல்லாவிட்டால் அவள் சாயங்காலம் வரை இருப்பாள். அதற்குப் பிறகு? கதவைப் பிடித்தபடி நீ நின்றாய், உனக்குப் பின்னால் நான் நின்றேன், நம் இரண்டு பேருக்கும் பின்னால் சுவரில் அந்தப் படம் இருந்தது.

ரெஜினா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து உன்னை விலக்கிவிட்டு வெளியே போனாள். அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தாள்.

“நான் அவ அம்மா. என் கை போதுமா?”

அந்தப் பெண் ரெஜினாவை ஏற இறங்கப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்ததா, புரியவில்லையா, எனக்கு இன்றுவரை தெரியாது. “நீ பெத்த புள்ள தானே தாயி. போதும்” என்றாள்.

ரெஜினா குழந்தையின் கையைப் பிடித்தாள். விடவில்லை. குழந்தை முதலில் சிணுங்கியது, பிறகு அவள் வளையலை எண்ணெய்ப் பிசுக்கோடு உருட்டி விளையாடியது, பிறகு தூங்கிவிட்டது. மழை விட்டது. அப்போதுதான் விட்டாள்.

அந்தப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். கேட்டைத் தாண்டிப் போனவள், ஏதோ நினைவு வந்தவளாகத் திரும்பி உன்னைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். “பாப்பா வந்தா சொல்லு நைனா, நாங்க வந்துட்டுப் போனோம்னு.”

“சொல்லுதேன்” என்றாய்.

அந்தக் குழந்தை நடந்ததா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிப்பதுதான் என் தொழில். ஆனால் அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நாம் கேட்டுக்கொள்ளவில்லை. ஓய்வு பெற்றதும் நீயும் ரெஜினாவும் ஊருக்குப் போய்விட்டீர்கள். வருடத்துக்கு இரண்டு முறை தொலைபேசியில் பேசிக்கொண்டோம். அந்த நாளைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

நீ இறந்துவிட்டாய் என்று ரெஜினாதான் கூப்பிட்டுச் சொன்னாள். எப்போது, எப்படி என்று நிருபனைப்போலக் கேட்டுவிட்டு ரிசீவரை வைத்தேன். எனக்கு மறுமையில் நம்பிக்கை கிடையாது. அது உனக்குத் தெரியும், அதற்காக என்னோடு எவ்வளவோ வாதாடியிருக்கிறாய். ஆனாலும் அன்று தொலைபேசிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தபோது, மாங்காட்டிலிருந்து மழையில் வந்தவள் உன்னிடம் சொல்லி அனுப்பிய செய்தி இத்தனை வருடமாக உன்னிடமே நின்றுபோயிருக்கிறது என்பது ஒன்றுதான் எனக்குத் தோன்றியது. அதை நானும் இத்தனை காலம் சுமந்துகொண்டுதான் இருந்திருக்கிறேன். யாரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று எனக்குத் தெரியாது.

உனக்குத் தெரியும். சொல்லிவிட்டாயா?